மஞ்சள் மீனுக்குள் சிட்டின் மூச்சு

சர்ரக்... சர்ரக்...

இருட்டிய பிறகு மாதுளையின் வீட்டில் அப்படியொரு சத்தம். எலியா? இல்லை. காற்றில் ஆடும் ஓலையா? இல்லை. கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மஞ்சள் மீன் தன் உடம்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தது.

இது நேற்று நடந்ததில்லை, குழந்தைகளே. பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள். கடலும் கரையும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. சங்குத்துறை என்று ஓர் ஊர். அங்கே ஒரு வழக்கம்: புருஷன் கப்பலேறிப் போயிருந்தால், அவன் திரும்பும்வரை கதவை உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது. போட்டால் கடல் அவனை வீடு சேர்க்காதாம். மாதுளையின் புருஷன் இளநாகன் புறப்பட்டபோது அவள் வயிற்றில் பிள்ளை. துணைக்கு ஒரு கடல்மீனைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போனான். அப்புறம் பெண் பிறந்தாள். மாதுளைதான் சிட்டு என்று பேர் வைத்தாள். கதவை மட்டும் தாழ் போடவே இல்லை.

அந்தக் கதவு வழியாகத்தான் நிழல்வாயன் என்ற மந்திரவாதி வந்தான். ஊரார் குரலையெல்லாம் திருடிப் பேசுவான். சொந்தக் குரல் கிடையாது. தொட்டிலில் கிடந்த சிட்டின் மூச்சை உறிஞ்சி, மீனின் வாயில் ஊதினான்.

“மீன் மூச்சு விட்டால் உன் பிள்ளையும் மூச்சு விடும். உன் கையாலேயே மீன் செத்தால் அந்த மூச்சு எனக்கு!”

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்றிலிருந்து மாதுளைக்கு ஏது தூக்கம்? தொட்டிக்கு ஓடுவாள், தொட்டிலுக்கு ஓடுவாள், பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். மீனின் செவுள் அசைந்தது. சிட்டின் நெஞ்சும் அசைந்தது. அப்பாடா. மறுபடி ஓடுவாள்.

இப்போது இந்தச் சர்ரக், சர்ரக். விளக்கைக் கிட்டே பிடித்தாள். மீனின் மேலெல்லாம் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். சிட்டுக்கும் மூச்சு இளைத்தது.

வாசலில் பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவின் குரல். “அடி மாதுளை, தொட்டியிலே தண்ணி வத்திப்போச்சே! கடல்மீனுக்குக் கடல்தண்ணியை ஊத்தாம வேற எதை ஊத்துவே?”

எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை. போய்விட்டாள் போலிருக்கிறது. சொன்னது சரிதானே? சங்குத்துறையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வற்ற வற்றக் கடல்தண்ணீர் ஊற்றினாள். மீன் இன்னும் சோர்ந்தது, சிட்டும் சோர்ந்தாள்.

வாசலில் வைத்தியரின் குரல். “பசியம்மா, பசி! இரையை நிறையப் போடு!”

போட்டாள். மீன் தொடவில்லை. இரை அழுகித் தண்ணீர் கலங்கியது.

“தாயே, எங்களை ஊறுகாய் போடறதா முடிவு பண்ணிட்டியா?”

மாதுளை திடுக்கிட்டாள். இந்தக் குரல் வாசலிலிருந்து வரவில்லை. தொட்டிக்குள்ளிருந்து வந்தது.

“யாரது?”

“இந்தச் சங்குக்குள்ளே குடியிருக்கிற நண்டு. உப்பு தாங்கலை. நாத்தம் அதுக்கு மேலே. கைப்பிள்ளைக்காரியாச்சேன்னு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டிருந்தேன்.”

மாதுளை விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். ஒரேயடியாய்க் கரித்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பொரிந்திருந்தது. குழம்பு வற்றினால் உப்புக் கரிக்குமே! வற்றுவது தண்ணீர்தான், உப்பு எங்கேயும் போவதில்லை. அதன் மேலேயே உப்புத்தண்ணீரா ஊற்றினேன்?

தலையில் அடித்துக்கொண்டாள். அழுகிய இரையை அள்ளி எறிந்தாள். கிணற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் கொஞ்சம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நாள் முழுக்கப் பொறுமையாய் விட்டாள். நண்டு பெருமூச்சு விட்டது. ஆனால் புள்ளிகள் போகவில்லை.

“அதெல்லாம் அந்த மந்திரவாதி ஏவிவிட்ட பூச்சி,” என்றது நண்டு. “உப்பிலே பிறந்ததுங்க. வெறும் நல்ல தண்ணியிலே முக்கினா உதிர்ந்துடும்.”

“ஐயோ, மீனுக்கும் அது ஆகாதே!”

“கொஞ்ச நேரம் தாங்கும். நீ பாடுற தாலாட்டு ஒரு தடவை முடியற மட்டும். முன்னாடியே எடுத்தா பூச்சி பிழைச்சுக்கும். பிந்தி எடுத்தா...”

“சொல்லாதே!”

கிணற்றுத் தண்ணீரை, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல முழங்கையால் தொட்டுப் பார்த்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கே கொண்டுவந்தாள். இன்னொரு பானையில் புதுக் கடல்தண்ணீர். மீன் ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டாஞ்சில்லு. பிறகு மீனை எடுத்து நல்ல தண்ணீரில் விட்டாள்.

மீன் ஒருபக்கமாய்ச் சாய்ந்தது.

“ஆராரோ...” பாடத் தொடங்கினாள். தொட்டிலில் சிட்டின் உதடு வெளுத்தது. “ஆரிரரோ...”

வாசலில் இளநாகனின் குரல். அதே கரகரப்பு. “மாதுளை! நான் வந்துட்டேன்! மீனை எடுடி, சாகப்போகுது! நம்ம சிட்டு முகம் நீலமாகுது பார்!”

கை தண்ணீருக்குள் போய்விட்டது. விரல் மீனைத் தொட்டும்விட்டது.

அங்கேயே நின்றது. பிள்ளை பிறக்குமுன் கப்பலேறியவருக்குச் சிட்டு என்ற பேர் எப்படித் தெரியும்?

கையை வெளியே இழுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே பாடினாள். கடைசி அடிவரை பாடினாள். புள்ளிகள் மணல்போல உதிர்ந்து அடியில் படிந்தன. மீனை அள்ளிப் பானையில் விட்டாள்.

செவுள் அசையவில்லை. நெஞ்சும் அசையவில்லை.

“அசைடா கண்ணு... அசை...”

செவுள் அசைந்தது. சிட்டின் நெஞ்சும் அசைந்தது.

வாசலில் பானை உடைந்தாற்போல ஒரு சத்தம். தோற்ற மந்திரம் அவன்மேலேயே திரும்பியது; திருடிய குரல்களெல்லாம் பறந்துபோக, நிழல்வாயன் ஒரு பிடி உப்பாய் உதிர்ந்து காற்றோடு போனான். மாதுளை திரும்பியே பார்க்கவில்லை. அவள் கண் பானையிலேயே இருந்தது. மீன் தெளிந்து, அவள் கையிலிருந்து இரை வாங்கித் தின்று, ஒருநாள் பெரிய குமிழி ஒன்று விட்டது. குமிழி மிதந்துபோய்ச் சிட்டின் மூக்கில் உடைந்தது. சிட்டு தும்மினாள். வீடே அதிர வீறிட்டு அழுதாள். அவள் மூச்சு அவளுக்கே வந்துவிட்டது!

“காது போச்சு,” என்றது நண்டு.

அன்று சாயங்காலம் வாசலில் மறுபடியும் இளநாகனின் குரல். “மாதுளை!”

மாதுளை உலக்கையைத் தூக்கினாள். “யாரானாலும் அங்கேயே நில்லுங்க. என் பிள்ளை பேரைச் சொல்லுங்க!”

வெளியே குரல் தழுதழுத்தது. “பிள்ளை பிறந்துடுச்சா? என்ன பிள்ளை? எனக்கு எப்படிப் பேர் தெரியும்? நீதானே சொல்லணும்?”

உலக்கை கீழே விழுந்தது. கையைப் பிடித்து அவனை உள்ளே இழுத்தாள். பேரை அவன் காதில் சொல்வதற்கு முன்னால், கதவைச் சாத்தி, இத்தனை நாள் தொடாத தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டாள்.

டக்.