முன்னாலா, பின்னாலா

நாகூர்கனி இருபது வருஷம் ராமநாதபுரத்துச் சமவெளியில் வண்டி ஓட்டியவர். அங்கே வளைவு என்றால் ஊருக்கு ஒன்று, மழை என்றால் வருஷத்துக்கு நாலு நாள். அப்பேர்ப்பட்டவரைத்தான் நாற்பது கொண்டை ஊசி வளைவுள்ள வால்பாறை மலையில், அதுவும் ஆனி மாத மழையில், ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் ஓட்டக் கொண்டுவந்து விட்டது விதி. ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் மறுபடி மாணவரானார்.

குரு பிலோமினா. பதினைந்து வருஷமாக அந்த மலையில் தேயிலை லாரி ஓட்டுகிறவர், கனியைவிடப் பத்து வயது இளையவர். புதிதாக வரும் டிரைவர்களுக்கு மலைப்பாதை பழக்குவதும் அவர்தான். கனிக்கு அவர் மாஸ்டர். அவருக்குக் கனி அண்ணே.

மறுநாள் காலை, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாளைப் பொள்ளாச்சிக்கு இறக்க வேண்டும். நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, கீழே பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸின் நாலு டயரும் பாதி தேய்ந்தவை. புதிதாக வந்ததோ இரண்டு. மீதி இரண்டு அடுத்த வாரம்தான் வரும்.

கனி நாலு பேரிடம் விசாரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. கேட்காமலே புத்தி சொல்லும் ஊரில் போய்க் கேட்டும் வைத்தால் விடுவார்களா? ஈரத்துக்கு அகல டயர்தான் பிடிக்கும் என்றார் மெக்கானிக். ஒல்லி டயர்தான் தண்ணீரை அறுத்துக்கொண்டு போகும் என்றார் பால் வண்டிக்காரர். காற்றைக் குறை என்றார் ஒருவர், ஏற்று என்றார் அவருடைய மச்சான். பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்துக்கென்றே தனி டயர் மாட்டுகிறார்கள் என்று கம்பவுண்டர் போனில் படமே காட்டினார். எல்லாரும் ஒத்துப்போனது ஒன்றே ஒன்றில்தான்: புதுசை முன்னால் போடு.

கனி போட்டார். போட்ட பிறகும் மனசு ஆறவில்லை. சொல்புத்தியும் நிலைக்காமல், சுயபுத்தியும் எட்டாமல், வண்டியை எடுத்துக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய் மாஸ்டர் முன்னால் நின்றார்.

“மாஸ்டர், மழைக்கு எந்த டயர் நல்லது?”

“பின்னாடி ஏறிப் படுங்கண்ணே.”

“நானா?”

“பேச்சியம்மாவா இங்க நிக்கிறா?”

கனிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏறி ஸ்ட்ரெச்சரில் படுத்தார். மாஸ்டர் பெல்ட்டை இறுக்கிவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் போனார்.

தொழிற்சாலை முற்றம் அகலமான சிமெண்ட் தரை. மழைத்தண்ணீர் அதில் மெல்லியதாகப் படர்ந்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. மாஸ்டர் நேராகக் கொஞ்சம் வேகம் எடுத்து, சட்டென்று வளைத்தார்.

வண்டியின் பின்பக்கம் விசிறியடித்துப் போனது. கனிக்கு வெள்ளைக் கூரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பக்கம் போகிறோம், எதில் மோதப் போகிறோம், எதுவும் தெரியவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அகப்படவில்லை.

“யா அல்லா!”

வண்டி நின்றது. கனி பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கினார். கோபம் கோபமாக வந்தது.

“என்ன மாஸ்டர் இப்படி ஓட்டுறீங்க!”

“முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்டுச்சு.”

“பின்னாடி கேக்கலையே!”

“கேக்கலையா?” என்றார் மாஸ்டர், ஏதோ புதுச் செய்தி கேட்பவரைப் போல. பிறகு ஜாக்கியை எடுத்துக் கனியின் கையில் கொடுத்தார். “புதுசைக் கழட்டிப் பின்னாடி மாட்டுங்க.”

“வழி காட்டுறது முன்சக்கரம் மாஸ்டர். அதுக்குத்தானே நல்லதைக் குடுத்தேன்?”

மாஸ்டர் ஸ்பேனரோடு முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். தூறலில் நனைந்துகொண்டே இருவரும் டயர்களை மாற்றினார்கள். புதுசு பின்னால் போனது, பழசு முன்னால் வந்தது.

“மறுபடி படுங்க.”

கனி மனசுக்குள் திட்டிக்கொண்டே படுத்தார். அதே முற்றம், அதே வேகம், அதே வளைவு. இந்த முறை வண்டி லேசாகத் தயங்கியது, அவ்வளவுதான். பின்பக்கம் இருந்த இடத்தில் இருந்தது. கனி கண்ணை மூடியவர் மூடியபடியே கிடந்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“ஒண்ணும் தெரியல மாஸ்டர்.”

“எனக்குத் தெரிஞ்சுது. முன்சக்கரம் வழுக்கிச்சு. கையில தட்டுப்பட்ட உடனே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன்.”

கனிக்கு இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு.

“அப்ப இதுவும் வழுக்கத்தான் செய்யுது!”

“செய்யும்.”

“முதல்ல பின்பக்கம் வழுக்கிச்சு. இப்ப முன்பக்கம். இதுல எது நல்லது?”

மாஸ்டர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினார். கனி வாங்கவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொன்னார்.

“மாஸ்டர், நாளைக்கு ஒரு உசுரை, இல்ல, ரெண்டு உசுரை வச்சுக்கிட்டு நாப்பது வளைவு இறங்கணும். பழசு முன்னாடி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படி ஓட்டுவேன்? வளைவுக்கு வளைவு எனக்குப் பயமா இருக்குமே.”

“இருக்கட்டும்ணே. அந்தப் பயம் ஓட்டுறவர் சீட்டுலயே இருக்கட்டும். படுத்திருக்கிறவளுக்கு வேண்டாம்.”