ஏன் போகிறீர்?

"தாயே, அடியும் உதையும் இல்லாமல் ஓர் அரசு நிற்குமா?"

கேட்டவன் தளபதி சேந்தன். தலை நரைத்தவன். மடத்துத் தலைவி பூதி அம்மை அவனைவிடப் பத்து வயது இளையவர். மூன்று வருஷமாக அவர்தான் அவனுக்குக் குரு.

மடத்து வாசலில் அவனுடைய வீரர்கள் நாற்பது பேர் ஈட்டியோடு வெயிலில் நின்றார்கள். ஏரிக்கரையில் அரசர் மாளிகை கட்டப் போகிறார். அங்கே குடியிருப்பவர்கள் இடத்தை விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சேந்தன் அவர்களை விரட்டியாக வேண்டும்.

"உமக்கு எப்படித் தோன்றுகிறது?" என்றார் அம்மை.

"நிற்காது. முப்பது வருஷம் பார்த்துவிட்டேன். அடி விழும் என்ற பயம் போனால் ஒருவனும் அடங்கமாட்டான்."

"இந்த நாற்பது பேரையும் அடித்தா இழுத்து வந்தீர்?"

"இல்லை. வா என்றேன். வந்தார்கள்."

"வரமாட்டோம் என்றால்?"

"ஒருவனைக் கட்டிவைத்து அடிக்கச் சொல்வேன்."

"யாரிடம்?"

"மற்றவர்களிடம்."

"அவர்களும் மாட்டோம் என்றால்?"

சேந்தனின் கை தானாக இடுப்பு வாளைத் தொட்டது. ஒரே ஒரு வாள்.

அம்மை எழுந்து வெளியே வந்தார். முன்வரிசையில் நின்றவனிடம், "எந்த ஊரப்பா நீ?" என்று கேட்டார்.

அவன் தளபதியைப் பார்த்தான்.

"சொல்லு," என்றான் சேந்தன்.

"பக்கத்து ஊர்தான் தாயே. அக்காவை ஏரிக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இது எட்டாம் மாசம்."

"பிறகு ஏன் போகிறாய்?"

"எல்லாரும் போகிறார்களே."

பக்கத்தில் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான். "நானும் இவனைப் பார்த்துத்தான் கிளம்பினேன் தாயே. சொந்த அக்கா வீட்டுக்கே இவன் ஈட்டியைத் தூக்கிவிட்டான். நான் எப்படிப் பின்வாங்குவது?"

யாரும் சிரிக்கவில்லை.

அம்மை சேந்தன் பக்கம் திரும்பினார். "நீர் ஏன் போகிறீர்?"

"அரசர் ஆணை..." என்று ஆரம்பித்தான். நிறுத்திக்கொண்டான். வரிசையைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சொன்னான்.

"இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, தாயே."

அம்மைக்குக் கண் கலங்கியது. உள்ளே போய்விட்டார்.

சேந்தன் வரிசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"நான் போகவில்லை," என்றான்.

ஒரு கணம் ஒருவரும் அசையவில்லை.

அப்புறம் வரிசை முழுவதும் மூச்சு விட்டது.