அடுப்படிக்கு ஒரு ஜன்னல்

ரைஸ்மில் முதலாளி நல்லசிவம் புதுவீட்டு வரைபடத்தை விருந்தாளிகளுக்குப் பெருமையாக விரித்துக் காட்டினார். சமையல்காரி செண்பகவடிவு எட்டிப் பார்த்தாள். அடுப்படிக்கு ஜன்னலே இல்லை.

"புகையில மூச்சு முட்டிச் செத்துருவேன் முதலாளி. ஒரு ஜன்னல் வையுங்க."

"ஒரு கோடுகூட மாத்த முடியாது. கோட்டைத் தொடாம ஜன்னலை வரவழைச்சிரு, பார்ப்போம்!" என்று சிரித்தார் அவர்.

வடிவு பென்சிலை எடுத்தாள். மூன்று ஜன்னல் வைத்த 'முதலாளி அறை'யை அடித்துவிட்டு 'அடுப்படி' என்று எழுதினாள். அடுப்படி இருந்த இடத்தில் 'முதலாளி அறை' என்று எழுதினாள்.

நல்லசிவம் துள்ளி எழுந்தார். "இந்தப் பொந்துக்குள்ள மனுசன் இருப்பானா?"

"அதைத்தான் முதலாளி நானும் கேட்டேன்."

விருந்தாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். வடிவு பென்சிலை அவரிடமே நீட்டினாள். அவர் தன் கையாலேயே அடுப்படிக்கு ஜன்னல் வரைந்த பிறகுதான் எல்லாருக்கும் காபி வந்தது.