கடிதத்தின் முதுகு

ஒரு கடிதத்தில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருவர் முன்பக்கம், இன்னொருவர் பின்பக்கம். ஒரே தாளில் ஒட்டிப் பிறந்தவர்கள்தான், ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

முன்பக்கத்துக்குப் பெருமை அதிகம். தலையில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பெயர், காலடியில் ஊதா முத்திரை, நடுவில் முப்பத்திரண்டு வரி இங்கிலீஷ். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"நீயெல்லாம் எதுக்கு இருக்கே?" என்று முன்பக்கம் கேட்கும்.

"உன்னைத் தாங்க. அப்புறம், நீ என்ன சொல்றேன்னு விளக்க."

பின்பக்கம் சொன்னது பொய்யில்லை. அந்த வட்டாரத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தால் அது நேரே தங்கப்பழத்தின் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகும். தங்கப்பழம் படித்துப் பார்ப்பார், தாளைத் திருப்பிப் போடுவார், காதில் செருகிய பென்சிலை எடுத்து முதுகில் தமிழில் நாலு வரி எழுதித் தருவார். ஊர் படிப்பது அந்த நாலு வரியைத்தான்.

இந்தக் கடிதம் வந்தது செண்பகவல்லிக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போடும் வேலைக்கு அவள் பெயர் போயிருந்தது. மூன்று வருஷமாகக் காத்திருந்த பெயர். சான்றிதழ் சரிபார்ப்பு வியாழக்கிழமை. கடிதம் வந்ததோ புதன் சாயங்காலம். அவள் ஓட்டமாய் ஓடினால், ஜெராக்ஸ் கடையில் பூட்டு. தங்கப்பழம் தங்கச்சி மகள் காதுகுத்துக்குப் போயிருந்தார்.

செண்பகவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது என்றில்லை, பிளஸ் டூவில் பாஸ். தேதியும் இடமும் அவளுக்கே புரிந்துவிட்டது. ஆனால் 'மேற்படி விண்ணப்பதாரர், சான்றொப்பமிடப்பட்ட நகல்களையும் அவற்றுக்குரிய மூலங்களையும்' என்று போகும் இங்கிலீஷ் அவள் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்ததில்லை. நகல் என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது. நகல்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, ஒன்றரை வயசு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலை பஸ் ஏறினாள்.

பைக்குள் சண்டை தொடங்கியது.

"அவ ஒரிஜினல் எடுக்கல," என்றது பின்பக்கம்.

"நான் பதினேழாவது வரியிலே சொல்லியிருக்கேன்."

"சொன்னே. அவளுக்குக் கேட்டுச்சா?"

"அது அவ பாடு."

"ஏன்யா, பிள்ளைக்குச் சோறு ஊட்டுறவ, தட்டுல போட்டாச்சு, சாப்பிடாட்டி அது பாடுன்னு எந்திரிச்சுப் போவாளா?"

பையன் பைக்குள் கைவிட்டு, கடிதத்தின் ஒரு மூலையை எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தில் அன்றைக்கு ஒரு புதுமை. ஊழியர்கள் எல்லாம் முன் ஹாலில் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேலை தேடி வருகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எளிய இங்கிலீஷ் எழுதச் சொல்லித்தர யூனிஸ் டீச்சர் வந்திருந்தார். சரிபார்ப்பு மட்டும் மாடியில் நடந்தது. பன்னிரண்டு மணி வரைதான்.

"மேடம், நகல் மட்டும் கொண்டாந்திருக்கேன். போதுமா?" என்று செண்பகவல்லி கடிதத்தை நீட்டினாள். மணி பத்தேகால்.

டீச்சர் அதை வாங்கி முதல் வரிசையில் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க, போதுமா?"

"போதும்," என்றார் கண்காணிப்பாளர் திருவேங்கடம். "நகல்னு போட்டிருக்கே."

"ஒரிஜினலும் வேணும் சார்," என்றாள் கிளார்க் ரெஜினா.

"ஒரிஜினலைத் தபால்ல அனுப்பணும்னு நினைக்கிறேன்," என்றது மூன்றாவது வரிசை.

முன்பக்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெளியாட்களுக்குப் புரியவில்லை என்றால் பரவாயில்லை, சொந்த வீட்டிலேயே ஒரு கடிதத்துக்கு மூன்று அர்த்தம்.

"இதை யார் எழுதினது?" என்று டீச்சர் கேட்டார்.

ரெஜினா தலையைச் சொறிந்தாள். "டைப் அடிச்சது நான்தான் டீச்சர். ஆனா எழுதலை. நான் வேலைக்கு வரும்போதே கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. தேதியும் பேரும் மட்டும் மாத்துவேன்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி டைப்ரைட்டர்ல இருந்துச்சு," என்றார் திருவேங்கடம். "நானும் தேதிதான் மாத்தினேன்."

"அட," என்றது பின்பக்கம் மெதுவாக. "உன்னை யாருமே எழுதலையா?"

முன்பக்கத்துக்கு முதல் முறையாகத் தன் முப்பத்திரண்டு வரியும் இரவல் சட்டை மாதிரி உறுத்தியது.

அதற்குள் ரெஜினா மாடிக்கு ஓடிக் கேட்டுவிட்டு ஓடி வந்தாள். "டி.சி. ஒரிஜினல் கட்டாயம் வேணுமாம். பன்னிரண்டுக்குள்ள."

வீடு பதினாறு கிலோமீட்டர். போய்த் திரும்ப பஸ் கிடையாது. செண்பகவல்லி கலங்கி நிற்கவில்லை, போனை எடுத்தாள்.

"மதினி, நான் பேசுறேன். பீரோ மேல்தட்டு. நீலப் பை. அதுக்குள்ள என் பள்ளிக்கூட டி.சி. பதினோரு மணி மினிபஸ்ல கண்டக்டர் அண்ணன் கையில குடுங்க, நான் ஸ்டாண்டுல வாங்கிக்கிடுதேன். பதினொண்ணு தாண்டிச்சுன்னா வேலை போச்சு. சரியா? இப்பச் சொல்லுங்க, என்ன எடுக்கணும்?"

அந்தப் பக்கம் மதினி அப்படியே திருப்பிச் சொன்னது ஹாலுக்கே கேட்டது. "மேல்தட்டு, நீலப் பை, டி.சி., கண்டக்டர், பதினோரு மணி. வையி போனை, பேச்சை வளர்த்தாதே."

யூனிஸ் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "நான் ரெண்டு நாள்ல நடத்த வேண்டிய பாடத்தை இவங்க அரை நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. என்ன வேணும், எங்க இருக்கு, யார்கிட்ட குடுக்கணும், எத்தனை மணிக்குள்ள, தவறினா என்ன ஆகும். ரெஜினா, இந்தப் பேச்சு மாதிரியே ஒரு கடிதம் எழுதுங்க. இங்கிலீஷ்லதான்."

"எதுல எழுத?"

"அதுக்குப் பின்னாலதான் இடம் கிடக்கே."

ரெஜினா தாளைத் திருப்பினாள். பின்பக்கத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. பென்சில் அதன் மேல் சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தையாக நட்டுக்கொண்டே போனது. வியாழக்கிழமை வாருங்கள். பன்னிரண்டு மணிக்குள். நகலோடு டி.சி. ஒரிஜினலையும் கொண்டு வாருங்கள். வராவிட்டால் உங்கள் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

"இன்னும் என்னம்மா தெரியணும் உங்களுக்கு?" என்று ரெஜினா கேட்டாள்.

"பிள்ளையைக் கூட்டிட்டு வரலாமான்னு போடுங்க. ராத்திரி பூரா அதே யோசனைதான்."

ரெஜினா அதையும் எழுதினாள். 'குழந்தையையும் அழைத்து வரலாம்.' அந்த அலுவலகக் கடிதத்தில் குழந்தை என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

பதினொன்று நாற்பதுக்கு வரவேண்டிய மினிபஸ் பதினொன்று ஐம்பதுக்கு வந்தது. பையன் ரெஜினா மடியில். ஹாலிலிருந்த மொத்தப் பேரும் எதிரே இருந்த பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி ஜன்னலில். கண்டக்டர் நீலப் பையை நீட்ட, செண்பகவல்லி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்து, "மாடிப்படி இடதுபக்கம்மா, இடதுபக்கம்," என்று கத்தியவர் திருவேங்கடம்தான். அவள் படியேறி முடித்தபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருந்தது.

ஒரு மாசம் கழித்து, பழைய கடிதம் கிடந்த அதே நீலப் பைக்குள் புதுக் கடிதம் ஒன்று வந்து படுத்தது. அதே அலுவலகத்திலிருந்து வேலைக்குச் சேரச் சொல்லும் கடிதம், மொத்தம் ஆறு வரி. பழைய கடிதத்தின் பின்பக்கம் அதை உற்றுப் பார்த்தது. புதியவனின் முன்பக்கம் அச்சடித்திருந்தாலும் பேச்சு தன் பேச்சாகவே இருந்தது.

பழைய முன்பக்கத்துக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, உன் முதுகுல பென்சில் எழுத்து தெரியுதே. தங்கப்பழம் விளக்கம் எழுதிக் குடுத்தாரா?"

"தங்கப்பழம் என்னைப் பார்க்கவே இல்லை அண்ணே. இது செண்பகவல்லியம்மாவே எழுதினது. திங்கக்கிழமை வர்றேன், சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீங்க, பிள்ளையைக் கூப்பிடணும்னு இங்கிலீஷ்ல எழுதிப் பார்த்திருக்காங்க."

"அப்படின்னா அது விளக்கம் இல்லையா?"

"இல்லைண்ணே. பதில்."