ஒரு சுளைக் கடிதம்

கொடுத்த வாக்கை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீரே பதிப்பாளரே, உம்மைத்தான் கேட்கிறேன்!

பண்ருட்டியில் பலாப்பழம் விற்கிற செங்கமலம், தான் எழுதிய நாவலோடு வந்தபோது, நீர் அதைத் தொடக்கூட இல்லை. "முழுசும் படிக்க எனக்கு ஏதும்மா நேரம்? கதையை ஒரே வரியில் கடிதமாக எழுதிக் கொடு. படித்துவிட்டு 'அப்புறம்?' என்று நான் கேட்டால் அச்சடிக்கிறேன்" என்று ஆபீசே கேட்கும்படி சொல்லிச் சிரித்தீர்.

அவள் நின்ற இடத்திலேயே எழுதி நீட்டினாள்: "பதிப்பாளர் ஒருவர் பீரோவில் ஒளித்துவைத்திருந்ததை அவர் மனைவி பார்த்துவிட்டாள்."

உமக்குக் குப்பென்று வியர்த்தது. "ஐயையோ, அப்புறம்?" என்றீர்.

இப்போது சிரித்தது ஆபீஸ். "சுளையை ருசி பார்த்துட்டீங்கல்ல, பழத்தை எடுத்துக்குங்க சார்" என்று நாவலை உம் மேஜைமேல் வைத்தாள் செங்கமலம்.

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அந்த மனைவி என்ன செய்தாள் என்று நீர் மட்டும் திரும்பத் திரும்பப் படித்தால் போதுமா? ஊரும் படிக்க வேண்டாமா? அச்சடியும் ஐயா!