இருசுக்கட்டை ஏறின மலை

ஒரு ஊர்ல ஒரு இருசுக்கட்டை இருந்துச்சாம். இருசுன்னா தெரியுமா? மாட்டுவண்டியில ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல குறுக்கே போகுமே, அந்தக் கட்டை. சக்கரம் உருளும், அது உருளாது. கம்முனு கிடந்து சுமக்கும். "ம்" சொல்லு, சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

அந்தக் கட்டை அச்சுப்பட்டியில ஒச்சம்மா வீட்டுக் கூரை மோட்டுக்குக் கீழே குறுக்கே கிடந்துச்சு. வண்டி போயிருச்சு, மாடு போயிருச்சு, சக்கரம் அடுப்புக்குப் போயிருச்சு. கட்டை மட்டும் மிச்சம். அந்த வீட்டுல எந்தப் பிள்ளை பொறந்தாலும் தொட்டில் அதுலதான் கட்டுவாங்க.

அப்போ ஒரு வருசம் மழையே இல்லை. மலைச்சுனையிலேர்ந்து வர்ற தண்ணியை மேலப்பட்டிக்காரங்க மடையை அடைச்சு நிறுத்திட்டாங்க. அச்சுப்பட்டி ஆடுமாடெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. ஊரே திரண்டு போய்க் கேட்டுச்சு. மேலப்பட்டிப் பெரியவர் குருவையா, தலையில இம்மாம் பெரிய தலைப்பாகை, வாய் நிறைய வெத்தலை, சொல்றாரு:

"மலையைத் தாண்டி வந்து சுனையைக் கண்டவங்க எங்க ஆளுங்க. நீங்க நேத்து ரயில்ல வந்து இறங்கினவங்கதானே? டிக்கெட்டு கூட இன்னும் மடியிலதான் இருக்கும்."

எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. ஒச்சம்மாவுக்குச் சுருக்குன்னுச்சு.

"எங்க பாட்டனுங்களும் வண்டி கட்டி அந்த மலையைத் தாண்டித்தான் வந்தாங்க. வந்தப்புறமும் வருசா வருசம் உப்பு ஏத்திக்கிட்டு அதே வழியில போனாங்க. சுனை ரெண்டு ஊருக்கும் பொதுண்ணே."

"ஆடு ஏறவே அங்க மூச்சு வாங்கும், வண்டி ஏறுச்சாக்கும்! கணவாய்ல வண்டித்தடம் இருந்தாக் காட்டு தாயி. அன்னிக்கே மடையைத் திறக்குறேன்."

"காட்டுறேன். நீங்களும் கூட வாங்க."

சொல்லிட்டா. ஆனா அவ அந்தத் தடத்தைப் பார்த்ததே இல்லை. அவ ஊர்ல உசுரோட இருக்குற யாருமே பார்த்ததில்லை. அங்க ஒண்ணுமே இல்லேன்னா? பாட்டனுங்க சும்மா பெருமைக்குச் சொல்லி வச்சிருந்தா?

ம்.

மறுநாள் விடிஞ்சதும் இருசுக்கட்டையை இறக்கினா. தலையில சும்மாடு வச்சா, கட்டையைத் தூக்கி வச்சா, கிளம்பிட்டா. பின்னாடி குருவையாவும் ரெண்டு ஊர் ஆளுங்களும்.

"கட்டை எதுக்குத்தா? மேல போய்ச் சோறாக்கவா?"ன்னாரு குருவையா.

"வந்த வழி எனக்குத் தெரியாதுண்ணே. அதுக்குத் தெரியும்."

அப்புறம் முதல்ல வந்துச்சு முள்ளுக்காடு. சரக்குன்னு சேலையைக் கிழிக்குது, சுருக்குன்னு காலைக் குத்துது. ஒச்சம்மா கட்டையை முன்னாடி நீட்டி, முள்ளை ஒதுக்கி ஒதுக்கிப் போயிட்டா. அப்புறம் வந்துச்சு சரளைச் சரிவு. ஒரு எட்டு வச்சா ரெண்டு எட்டு கீழே, சரசரசரன்னு. நான்னா அங்கேயே உட்கார்ந்து, முட்டி வலிக்குதுன்னு சாக்கு சொல்லித் திரும்பியிருப்பேன். ஏன் சிரிக்கிறே? நெசமாத்தான். அவ கட்டையைக் குறுக்கே போட்டு முட்டுக் கொடுத்தா, ஏறினா. மறுபடி போட்டா, ஏறினா.

ம்.

மூணாவது வந்துச்சு பாரு, ரெண்டு பெரிய பாறை, நடுவுல ஒரு இடுக்கு. ஒச்சம்மா கட்டையைக் குறுக்கே வச்சுக்கிட்டு நுழைஞ்சா. டங்! ரெண்டு பக்கமும் முட்டுது. போகலை.

குருவையா கைதட்டிச் சிரிச்சாரு. "இருசே நுழையலை! வண்டி எப்படிம்மா நுழைஞ்சுது? மடிச்சுப் பையில வச்சா கொண்டு வந்தாங்க?"

அச்சுப்பட்டி ஆளுங்களுக்கே மூஞ்சி தொங்கிப்போச்சு. ஒச்சம்மா பாறையைப் பார்த்தா. கட்டையைப் பார்த்தா. அப்புறம் மெதுவா கேட்டா.

"அண்ணே, இந்த இடத்துக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"கடையாணிப் பாறை. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதான் பேரு. அதுக்கென்ன?"

"கடையாணி எங்க இருக்கும்ணே?"

"வண்டியில. சக்கரம் கழண்டுராம இருசு முனையில சொருகுற ஆணி..."

வெத்தலை மெல்லுறதை நிறுத்திட்டாரு.

"வண்டியே வராத மலையில அந்தப் பேரு எப்படிண்ணே வந்துச்சு? இங்க வந்து கடையாணியைப் பிடுங்கியிருக்காங்க. சக்கரத்தைத் தனியா உருட்டி, இருசை இப்படி நீட்டமாத் திருப்பி, வண்டியோட மேல்கூட்டை ஒருக்களிச்சு அந்தாண்ட கொண்டுபோய், மறுபடி பூட்டியிருக்காங்க."

கட்டையை நீட்டமாத் திருப்பினா. சளக்குன்னு நுழைஞ்சுது!

"பேரு மட்டும் போதாது. தடம் எங்கே?"ன்னாரு குருவையா. ஆனா குரல்ல பழைய சத்தம் இல்லை.

ம்... தூங்கிடாதே, உச்சிக்கு வந்துட்டோம்.

கணவாய் உச்சியில அகலமா ஒரு பாறை. காத்து உய்ய்ய்ன்னு அடிக்குது. பாறையில பள்ளமா ஒரு கோடு. ஒரே ஒரு கோடு.

"இது மழைத்தண்ணி அறுத்த கோடு. வண்டிக்கு ரெண்டு சக்கரம்மா"ன்னாரு குருவையா.

ஒச்சம்மா கட்டையை இறக்கினா. இருசுல ரெண்டு முனையிலயும் சக்கரம் சுத்திச் சுத்தி வழவழன்னு தேய்ஞ்ச இடம் இருக்கும். ஒரு முனையோட தேய்மானத்தைக் கோட்டு மேல வச்சா. மறுமுனை புல்லு மேல கிடந்துச்சு. அந்த இடத்துல இடுப்புல சொருகியிருந்த அரிவாளை எடுத்து கர் கர் கர்னு செரண்டினா. மண்ணு போச்சு. பாறை வந்துச்சு. வெறும் பாறை, கன்னம் மாதிரி மழமழன்னு.

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அப்போ ஒச்சம்மாவுக்கு ஒண்ணு தோணுச்சு: நான் வலக்கோடுன்னு நினைச்சது இடக்கோடா இருந்தா?

கட்டையை அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டா. மறுபடி கர் கர் கர். மண்ணு போச்சு. பாறை வந்துச்சு. விரலை வச்சுத் தடவினா. விரல் பொதுக்குன்னு உள்ளே இறங்குச்சு! பள்ளம்! முதல் கோட்டளவே ஆழம், அதே அகலம். கட்டையை மேல வச்சா, தேய்ஞ்ச இடம் ரெண்டும் கோடு ரெண்டுக்கும் நேரே நிக்குது. இம்மி பிசகலை.

ஓ...ன்னு அச்சுப்பட்டி போட்ட சத்தத்துல மலையே பதில் சத்தம் போட்டுச்சு.

குருவையா குனிஞ்சு அந்தப் பள்ளத்துல கையை வச்சுப் பார்த்தாரு. அப்புறம் தலைப்பாகையை அவுத்தாரு. சும்மாடாச் சுத்தித் தலையில வச்சாரு.

"இறங்கும்போது கட்டையை நான் தூக்குறேன் தங்கச்சி. ஏறினப்போ உன்னைத் தூக்க விட்டுட்டு வாய்தான் பேசினேன்."

அவரே கட்டையைச் சுமந்தாரு, அவரே மடையைத் திறந்தாரு. தண்ணி சலசலசலன்னு அச்சுப்பட்டிக்கு ஓடிவந்துச்சு. ஆட்டுக்குட்டியெல்லாம் துள்ளுது, ஒச்சம்மா முழங்கால் தண்ணியில நின்னு சிரிக்கிறா.

கட்டை எங்கேன்னு கேக்கலையே? மேல பாரு. உன் தொட்டில் தொங்குதே, அந்தக் கட்டைதான். ஓரத்துல ஒரு கீறல் தெரியுதா? கடையாணிப் பாறையில டங்குன்னு முட்டின கீறல்.

ம்?

சரி சரி. வண்டி மலை தாண்டிருச்சு, மாட்டை அவுத்தாச்சு, கதையும் இறங்கிருச்சு. நீ கண்ணை மூடு.