குளவி இடுப்பில் மஞ்சள் கயிறு

அந்தக் காலத்தில் மாடு மனம்விட்டுப் பேசும்; குளவியும் கோபம் வந்தால் முதலில் வாயால்தான் சொல்லும். குளவிக்கு அப்போது இடுப்பே கிடையாது. உருட்டி வைத்த களிமண் மாதிரி உடம்பு முழுக்க ஒரே கனம்.

காங்கேயம் பக்கத்தில் ஒரு கொறங்காடு. மாடு மேய்வதற்கென்றே விட்ட காட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல். அது வேலாத்தாளின் காடு. அவளுக்கு ஏழாம் மாதம்; அவளுடைய மயிலைப் பசுவும் சினை. கணவன் வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு மலையடிவாரம் போயிருந்தான். மழை வரும்வரை அந்தப் புல்லை விட்டால் மயிலைக்கு வேறு கதியில்லை.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியூர்த் தீவனம் எதுவானாலும் முள்ளால் பின்னிய படலுக்கு வெளியிலேயே உதறி, மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகுதான் உள்ளே வரும். படலுக்கு மேலே கிளுவைக் கிளையில் உட்கார்ந்து குளவி காவல் பார்த்தது. யாரும் வைக்காத காவல். கிடைத்ததெல்லாம் திட்டுதான்.

ஒருநாள் வேலாத்தாளின் அண்ணன் பொன்னய்யன் வண்டி நிறையப் பசும்புல்லோடு வந்தான். தங்கையின் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டான்.

"அம்மிணி, உனக்குச் சேலை, உன்ற மயிலைக்குப் புல்லு. ரெண்டு புள்ளத்தாச்சிக்கும் சேத்துத்தான் சீரு கொண்டாந்திருக்கறேன்!"

வேலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வண்டியை வெளியவே நிறுத்தச் சொல்லு வேலாத்தா. புல்லை உதறிக் காயப்போடட்டும்," என்றது குளவி.

"பொறந்த ஊட்டுச் சீரைப் படலுக்கு வெளிய நிறுத்தறதா? எங்கண்ணன் மூஞ்சில அப்பறம் எப்படி முழிப்பேன்? கொட்டறதுக்குன்னே பொறந்தவ, உனக்கென்ன தெரியும் சீரு செனத்தி!"

முந்தானையை வீசிக் குளவியை விரட்டினாள். தன் கையாலேயே படலைத் திறந்தாள்.

அந்தப் புல்லின் அடியில் கடுகு கடுகாக முட்டைகள் ஒட்டியிருந்தன. பத்தாம் நாள் காடெல்லாம் பச்சைப் புழு. புழு ஊர்ந்த இடத்தில் புல் இல்லை. வேலாத்தாள் காக்கையைக் கூப்பிட்டாள். அது வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கப் போனது. கோழியைக் கூப்பிட்டாள். அது புழுவோடு சேர்த்துப் புல்லின் வேரையும் கிளறிப் போட்டது.

"மண்ணைத்தான் நக்கறேன் வேலாத்தா," என்றது மயிலை. "வவுத்துல இருக்கறது நேத்திருந்து அசையவே மாட்டீங்குது."

வேலாத்தாள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு வெட்கத்தை விட்டுப் படலடிக்குப் போனாள்.

"குளவியக்கா, தப்புப் பண்ணிப்போட்டேன். சீரைத்தான் பாத்தேன், அதோட வந்த சீக்கைப் பாக்கல."

குளவி சொல்லிக்காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லிக்காட்டாமல் விட்டிருக்க மாட்டேன். குளவியோ, "எனக்கும் முட்டை வெக்கற நேரம்," என்றது. "மரத்துல கூடு கட்டுனா மழைல கரைஞ்சு போயிருது. உன்ற ஊட்டுச் சுவத்துல எடம் குடு. என்ற புள்ளைக்குப் புழுதான் சோறு. புல்லு எனக்கு எதுக்கு?"

"சுவரு பூராவும் எடுத்துக்க அக்கா."

குளவி ஒரு புழுவைக் கொட்டித் தூங்கவைத்துத் தூக்கியது. புழு அதைவிடக் கனம். தூக்கியது, விழுந்தது. மறுபடி தூக்கியது, மறுபடி விழுந்தது. வேலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. சுமை தூக்குகிறவள் இடுப்பை வரிந்து கட்டாமல் தூக்கலாமா? அண்ணன் கட்டிய மஞ்சள் கயிற்றில் ஓர் இழையை உருவிக் குளவியின் உடம்பில் சுற்றினாள்.

"இறுக்கு," என்றது குளவி.

"வலிக்குமே அக்கா."

"புள்ளைக்குச் சோறு கொண்டுபோறவளுக்கு வலியைப் பாத்தா முடியுமா? இறுக்கு!"

கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினாள். குளவி புழுவோடு ஜிவ்வென்று எழும்பியது. அடடா, அந்த உழைப்பை என்ன சொல்வது! மண் குழைத்துக் குடம் செய்யும், புழுவை உள்ளே வைக்கும், பக்கத்தில் முட்டையிட்டு வாயை மூடும், அடுத்த புழுவுக்குப் பறக்கும். ஒரு புல்லின் நுனியைக்கூட அது தொடவில்லை. சில வாரத்தில் குடங்களை உடைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒட்டிய இடுப்பு, அதில் மஞ்சள் வரி. அவையும் வேலைக்கு இறங்கின. புழு உள்ளே போய்க் குளவி வெளியே வந்ததைப் பார்த்த ஊர், "கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிப்போட்டா!" என்று வாயைப் பிளந்தது. திருத்திச் சொல்லக் குளவிக்கு நேரமில்லை.

மழை பெய்தது. மிஞ்சிய வேரிலிருந்து புல் தழைத்தது. மயிலை கன்று போட்ட அதே வாரம் வேலாத்தாளுக்கும் பெண் பிறந்தாள். பிள்ளை பார்க்க வந்த பொன்னய்யன் வண்டியைப் படலுக்கு வெளியே நிறுத்தி, கொண்டுவந்த கட்டைப் பிரித்து உதறினான். கிளுவைக் கிளையைப் பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டையும் ஒருமுறை உதறிக்கொண்டான்.

அன்று முதல்தான் குளவிக்கு இடுப்பு நூலாக இளைத்தது. அன்று முதல்தான் சுவரில் குளவி கூடு கட்டினால் யாரும் இடிப்பதில்லை. வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். பிறக்கத்தான் செய்கிறது. வீட்டுக்காரியின் பிள்ளையா, குளவியின் பிள்ளையா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.